வெள்ளம் வடிந்த பிறகு

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. நம் தோட்டங்களில் அந்த மொழி தலைகீழாகி நெடுநாளாயிற்று. வெள்ளம் வருகிறது, ஓடுகிறோம். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம். வெள்ளம் வடிகிறது, சேற்றைக் கழுவுகிறோம், மறந்து போகிறோம். அடுத்த பருவ மழைக்கு மீண்டும் அதே ஓட்டம். இந்த மறதியால் நாம் இழப்பது என்ன என்பதைத் தோட்டத் தொழிலாளத் தோழர்களிடமும் கிராணிமார்களிடமும் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட். ஊரின் ஊடே ஓடுவது சிகாமட் ஆறு. அது ஊரைத் தாண்டிச் சென்று மூவார் ஆற்றில் கலந்து, மலாக்கா நீரிணையை நோக்கிப் போகிறது. வெயில் காலத்தில் வந்து பார்ப்பவர், “இதுவா ஊரை விழுங்கும் ஆறு?” என்று சிரிப்பார். மேட்டு நிலத்தில் நான்கு நாள் மழை பிடித்துக்கொண்டால் அந்தச் சிரிப்பு நிற்காது. பெரிய ஆறு நிரம்பித் ததும்பும்போது சின்ன ஆற்றின் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அது திரும்பி வருகிறது. முதலில் அல்லூர் நிரம்பும். பிறகு ரப்பர் நிறைகளில் தண்ணீர் நிற்கும். பிறகு அது நம் வீட்டு வாசலுக்கு வந்து, கூப்பிடாத விருந்தாளியைப் போல உள்ளே நுழையும்.

2006 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வந்த வெள்ளத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. அது வடிந்து, நனைந்த மெத்தையை வெயிலில் போட்டு உலர்த்தி முடிப்பதற்குள், 2007 ஜனவரி இரண்டாம் வாரத்தில், பொங்கலுக்கு இரண்டொரு நாள் இருக்கையில், அடுத்த வெள்ளம் ஜொகூரைத் தாக்கியது. அம்முறை கோத்தா திங்கி பட்ட பாடு பெரும்பாடு. இவ்விரு வெள்ளங்களிலும் சுமார் 110,000 பேர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். 18 உயிர்கள் போயின. சேதம் 150 கோடி ரிங்கிட் என்று மதிப்பிட்டார்கள். 2011-ல் சீனப் புத்தாண்டுக்குச் சில நாள்கள் முன்பு மீண்டும் சிகாமட் நீரில் மூழ்கியது. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் சிகாமட், சாஆ, யோங் பெங், பத்து பகாட் என்று வெள்ளம் பரவி, மாநிலத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். பதினேழு ஆண்டுக்குள் இத்தனை முறை வந்ததை இனியும் எதிர்பாராத விபத்து என்று சொல்லலாமா? நம் வீட்டுக்கு அடிக்கடி வருகிறவனை எதிர்பாராத விருந்தாளி என்று எவரும் சொல்வதில்லை.

மக்கள் தந்த கை

முதலில் நம் மக்களைப் பாராட்ட வேண்டும். பாராட்டாமல் குறை மட்டும் சொல்வது நன்றி கொன்ற செயல்.

2006-ல் அந்த இரவில் நாம் கண்டதைச் சொல்கிறோம். மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. சாலை எது, அல்லூர் எது என்று தெரியாத இருட்டு. தோட்டத்து இளைஞர்கள் டிராக்டரை எடுத்து வந்து பள்ளத்து வீடுகளிலிருந்த முதியவர்களைத் தூக்கி ஏற்றினர். அக்கரைக் கம்பத்து மலாய்க்காரர் ஒருவர் தம் மீன்பிடி சம்பானைக் கொண்டுவந்து, “பிள்ளைகளை முதலில் கொடுங்கள்” என்று கை நீட்டினார். வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவர், தமக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு பாட்டியைத் தம் முதுகில் சுமந்து இடுப்பளவு நீரில் நடந்தார். சீனத்து மளிகைக் கடைக்காரர் கடையைத் திறந்துவிட்டு, நனையாத அரிசி மூட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்; கணக்கு எழுதவில்லை. மேட்டில் இருந்த தமிழ்ப் பள்ளி திறந்துவிடப்பட்டது. கோயில் அண்டாக்கள் பள்ளிக்கு வந்தன. திருவிழாவுக்குச் சமைக்கும் கை அன்று பசிக்குச் சமைத்தது. சாதி கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை, சங்கத்தில் சந்தா கட்டியவரா என்றுகூட எவரும் கேட்கவில்லை.

2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் பகாங்கிலும் பெருவெள்ளம் வந்தபோதும் இதையேதான் நாடு கண்டது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரையில் தவித்தவர்களை, முன்பின் அறியாத மக்கள் படகு கொண்டுவந்து மீட்டனர். கோயில்களிலும் குருத்துவாராக்களிலும் பள்ளிவாசல்களிலும் அடுப்பு அணையாமல் எரிந்தது. அவ்வெள்ளத்தில் நாடெங்கும் 54 பேர் மாண்டனர். மக்களின் கை நீளாதிருந்தால் அந்த எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

ஆகவே நம் மக்களுக்கு இரக்கம் இல்லை, ஒற்றுமை இல்லை என்று யாரும் பேச வேண்டாம். இரண்டும் இருக்கின்றன. அவை ஒரு வாரத்திற்கு மேல் நீடிப்பதில்லை என்பதே நம் குறை.

சோறு கிடைத்தது, சம்பளம்?

வெள்ளம் வடிந்த இரண்டாம் வாரம் பால்வெட்டும் அம்மையார் ஒருவரிடம், “உதவி ஒழுங்காக வந்ததா அக்கா?” என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் இன்றும் காதில் ஒலிக்கிறது. “சோறு கெடச்சுச்சு தம்பி. துணி கெடச்சுச்சு. சம்பளந்தான் கெடைக்கல.”

இந்தச் சொல்லை ஆறப் போட்டு யோசியுங்கள். பால்வெட்டுகிறவனுக்கு மழை என்றாலே நட்டம். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் பரவி வழிந்துவிடும். மங்கில் பாலுக்குப் பதில் மழைநீர் நிறையும். ஈரப் பட்டையில் அழுகல் நோய் பிடித்து மரமும் கெடும். ஆகவே நவம்பர், டிசம்பர் மாதங்களில் விடியற்காலையில் வானத்தைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்குத் திரும்புகிற நாள்கள் ஏராளம். அதன் மேல் வெள்ளம். வெள்ளம் வடிந்து, காடு காய்ந்து, நிறையில் கால் வைக்கலாம் என்று வரும்போது பிப்ரவரி வந்துவிடும். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம் அது. புதுத் தளிர் விட்டு முற்றும் வரை பால் குறைவு. மழைக்குக் கொஞ்சம், வெள்ளத்துக்குக் கொஞ்சம், இலையுதிர்வுக்குக் கொஞ்சம் என்று நான்கைந்து மாதம் தொழிலாளியின் வருமானம் தேய்ந்துகொண்டே போகிறது. சோற்றுப் பொட்டலமோ ஏழு நாளில் நின்றுவிடுகிறது.

அரசாங்கம் உதவவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2021-ல் பாதிக்கப்பட்ட குடும்பத் தலைவர்களுக்கு 1,000 ரிங்கிட் வழங்கப்பட்டது. அதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் ஒரு மெத்தை, ஓர் அடுப்பு, ஒரு குளிர்பதனப் பெட்டி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, பழுதுபட்ட மோட்டார் சைக்கிள் என்று கணக்குப் போட்டால் அந்த ஆயிரம் எத்தனை நாள் தாங்கும்? உதவி என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. சம்பளம் என்பது உரிமை. உதவியை வாங்கிய கையோடு உரிமையை மறந்துவிடுகிறோம். அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

செக்ரோலில் விழும் ஓர் எழுத்து

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவைத் தோட்டத் தொழிலாளி ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டுச் சம்பளம் பெறுகின்ற தோட்டத் தொழிலாளிக்கு, மாதத்திற்கு 24 நாளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. கொடுக்க முடியாவிட்டால், தொழிலாளி வேலை செய்ய மனமும் உடல் தகுதியும் உடையவராக இருந்த அந்நாள்களுக்கு, வேலை செய்தது போலவே சம்பளம் தர வேண்டும். இதுவே அப்பிரிவின் சாரம். மனமும் தகுதியும் இருந்தனவா என்று தகராறு எழுந்தால் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநரிடம் கொண்டுபோகவும் சட்டம் வழி வைத்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வு நாள் போக 26 வேலை நாள்கள் உள்ள ஒரு மாதம். வெள்ளத்தால் 6 நாள் வேலை இல்லை. கிடைத்தது 20 நாள். சட்டம் சொல்லும் 24-க்குக் குறைவது 4 நாள். அந்த 4 நாள் சம்பளம் யாருடையது? தொழிலாளியுடையது என்பதே நம் முடிவு.

ஆனால் நடப்பது என்ன? அந்த 6 நாளும் செக்ரோலில் “வரவில்லை” என்று விழுந்துவிடுகிறது. பெரட்டுக் களம் கழுத்தளவு தண்ணீரில் கிடக்க, தொழிலாளி பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருக்க, ஏட்டில் மட்டும் அவன் வேலைக்கு வராத சோம்பேறியாகிவிடுகிறான். “வேலை இல்லை” என்று எழுத வேண்டிய இடத்தில் “வரவில்லை” என்று எழுதிய ஒரே குற்றத்தால் அவனுடைய நான்கு நாள் சம்பளம் ஆற்றோடு போய்விடுகிறது. நாம் அறிந்த ஒரு தோட்டத்திலும் இதுவே நடந்தது. கேட்கப் போனவர்களுக்கு, “மையத்தில் உங்களுக்குத்தான் சாப்பாடு போட்டார்களே!” என்று பதில் வந்தது. ஊரார் போட்ட சோற்றைக் காட்டி முதலாளி தம் கடனைத் தீர்த்துக்கொள்வது எந்த நியாயம்?

கிராணிமார்களை நோக்கி இங்கே ஒரு சொல். நீங்களும் அதே வெள்ளத்தில் நனைந்தவர்கள். உங்கள் வீட்டிலும் சேறு புகுந்தது. நீங்கள் மேலிடத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நமக்குத் தெரியும். பொய் எழுதுங்கள் என்று நாம் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றே கேட்கிறோம். பெரட்டு நடக்காத நாளில் எவரும் வரவில்லை என்று எழுதுவது உண்மை ஆகாது. “வெள்ளம், வேலை கொடுக்கப்படவில்லை” என்று எழுதுங்கள். தேதியையும் தண்ணீர் ஏறிய இடத்தையும் குறித்து வையுங்கள். படகு ஓட்டியவனின் துடுப்பு ஓர் உயிரைக் காத்தது என்றால், உங்கள் பேனா ஒரு குடும்பத்தின் ஒரு மாதத்தைக் காக்கும்.

வேலை ஒப்பந்தம் எழுதப்பட்ட முறைக்கு ஏற்ப உரிமை வேறுபடலாம். அதனால் தோழர்கள் தங்கள் சம்பளச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் கிளைச் செயலாளரிடம் காட்டித் தெளிவு பெற வேண்டும். ஐயம் இருக்கிறது என்பதற்காகக் கேளாமல் இருந்துவிடக் கூடாது. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வெள்ள நாள் சம்பளம் என்று ஒரு தனி விதியைக் கேட்டுப் பெறுவதும் சங்கங்களின் கடமை.

மேட்டில் பங்களா, பள்ளத்தில் லயம்

“வெள்ளம் இறைவன் செயல், அதற்கு நிர்வாகம் என்ன செய்யும்?” என்று சிலர் கேட்கிறார்கள். மழை இறைவன் செயலாக இருக்கட்டும். லயத்தைப் பள்ளத்தில் கட்டியது யார் செயல்? தோட்டம் திறந்த காலத்தில் துரை பங்களா மேட்டில் எழுந்தது. காற்றும் காட்சியும் அங்கே. லயங்கள் தண்ணீர் எடுக்கத் தோதாக ஆற்றோரத்திலும் தாழ்ந்த நிலத்திலும் எழுந்தன. பழைய லயங்கள் பல இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களும் பல. ஆயினும் புது வீடு கட்டும்போதும் பழைய பள்ளத்திலேயே அடித்தளம் போடுகிற வழக்கம் முற்றும் ஒழியவில்லை. தோட்ட வீடுகளின் குறைந்தபட்சத் தரத்துக்கென்று 1990-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சுவரையும் கூரையையும் கழிவறையையும் பார்க்க வருகிற அதிகாரிகளிடம், கடைசி வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்ற அடையாளத்தையும் சுவரில் காட்டுங்கள். எந்தச் சாட்சியையும்விட அது வலுவானது.

ஆற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களைத் திறந்தபோது, மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று களை எடுக்கச் சொன்னார்கள். நம் பாட்டனும் பாட்டியும் மண்வெட்டி பிடித்துத் தரையைத் துடைத்தாற்போல் வைத்தனர். வெறுந்தரையில் விழுந்த மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிற்று, ஆறு தூர்ந்தது. மூடுகொடி பயிரிடவும் சரிவில் படிக்கட்டுப் போல் நிலம் வெட்டவும் பிறகுதான் கற்றுக்கொண்டார்கள். இன்று காடு அழித்தும், சதுப்பு நிலத்தை மூடியும், தார் போட்டும், கல் பரப்பியும் அதே தவறு வேறு வடிவில் நடக்கிறது. 1971 ஜனவரியில் கோலாலம்பூரும் பகாங்கும் மூழ்கிய பிறகுதான் அவ்வாண்டு டிசம்பரில் நிரந்தர வெள்ளத் தடுப்பு ஆணையம் அமைந்தது. 2014-ல் கிளந்தான் சீரழிந்த மறு ஆண்டுதான் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் பிறந்தது. அரசாங்கமும் வெள்ளம் வந்த பின்னரே அணை போடுகிறது; அந்தப் பழக்கத்தில் நாம் மட்டும் தனியாக இல்லை!

நம் குறையும் உண்டு

பிறரைக் கேட்கும்போது நம்மையும் கேட்டுக்கொள்வதே நேர்மை. அல்லூரில் நெகிழிப் பையையும் பழைய மெத்தையையும் வீசுவது யார்? கோயில் தலைவர் பதவிக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்துவிட்டு, வெள்ள இரவில் ஒரே அண்டாவைச் சேர்ந்து தூக்குகிறோம். தண்ணீர் வடிந்ததும் மறுபடியும் இரண்டு கட்சி. மண்டபத்துச் சாவி எந்தக் கட்சியிடம் இருக்கிறது என்று நள்ளிரவில் தேடி அலைந்த ஊர்களும் உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளி நம் பாட்டியைச் சுமந்தபோது சகோதரன். சம்பளம் கேட்கும்போது அந்நியன் என்று நினைக்கிறோம். அவனுடைய நாள் “வரவில்லை” என்று எழுதப்பட்டால் நாளை நம்முடையதும் அப்படியே எழுதப்படும் என்பதை உணர வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கிளையும் ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன், செப்டம்பர் மாதக் கூட்டத்தில், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதலாவது, ஆள் கணக்கு. பள்ளத்து வீடுகள் எவை, அங்கே முதியவர் யார், கர்ப்பிணி யார், படுக்கையில் கிடப்பவர் யார், யாரை யார் தூக்குவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளரையும் அதில் சேருங்கள். பள்ளி, கோயில், மண்டபச் சாவிகளுக்கு இரண்டாம் சாவி செய்து கிளையில் வையுங்கள். அக்கரைக் கம்பத்துத் தலைவரையும் சீனக் கிராமத்துத் தலைவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுங்கள். படகு யாரிடம் இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பத்திரங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வெளிநாட்டுத் தொழிலாளரின் கடப்பிதழ் நகல் ஆகிய எல்லாவற்றையும் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். வெள்ளத்தில் போன மெத்தையை வாங்கிவிடலாம். போன பத்திரத்துக்கு எத்தனை நாள் வேலையை விட்டு, எத்தனை அலுவலகப் படி ஏறுவது?

மூன்றாவது, நாள் கணக்கு. மழை நாளையும் வெள்ள நாளையும் கிளையே தனி நோட்டில் எழுத வேண்டும். எந்த நாள் பெரட்டு நடக்கவில்லை, எந்த நிறையில் தண்ணீர் நின்றது, வேலைக்குத் தயார் என்று யார் யார் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மாத முடிவில் செக்ரோலையும் அந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபட்டால், கூச்சல் வேண்டாம், கும்பல் வேண்டாம், கிளைச் செயலாளர் கையெழுத்தோடு ஒரு கடிதம் நிர்வாகத்துக்குப் போகட்டும். பதில் இல்லையேல் தொழிலாளர் இலாகாவுக்குப் போகட்டும்.

தோழர்களே! ஆறு நம்மிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. வரும்போது கை கோத்து நிற்க நாம் கற்றுக்கொண்டோம். அதில் இந்நாட்டில் எவருக்கும் நாம் குறைந்தவர்கள் அல்லர். அந்தக் கையைத் தண்ணீர் வடிந்ததும் விட்டுவிடாதீர்கள். சேறு காய்ந்த பிறகு, அலுவலக வாசலில் சம்பளத்துக்காக வரிசை பிடித்து நிற்கிற அந்த நாளிலும் அதே கை அதே கையைப் பிடித்திருக்க வேண்டும். அடுத்த முறை ஓர் அம்மையாரிடம் நாம் விசாரிக்கும்போது, “சோறும் கெடச்சுச்சு தம்பி, சம்பளமும் கெடச்சுச்சு” என்ற பதில் வரட்டும்.